முட்டை குறைந்த கோடை

மாதனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட கொட்டகையில் அம்மா நாற்பது வெள்ளைக் கோழிகள் வளர்த்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. தினமும் முட்டை பொறுக்கிக் கூடையில் எடுத்து வருவது என் வேலை. முப்பதுக்குக் குறையாது.

அந்த வருஷம் கத்திரி வெயில் தொடங்கியதும் முப்பது இருபதானது, அப்புறம் பன்னிரண்டு. அதிலும் சிலவற்றின் ஓடு காகிதம்போல இருந்து, தொட்டாலே உடைந்தது. தீவனம் அப்படியே மிஞ்சியது. கோழிகள் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அவை சிரிக்கின்றன என்று நினைத்தேன்.

யாரோ முட்டையை எடுக்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. "கொட்டாய்க்குள்ள யார் போறாங்கன்னு நீ பாத்துகினே இரு" என்றாள்.

வீட்டில் எங்கள் மூவரைத் தவிர அப்பாவின் தங்கை மட்டும்தான். புருஷன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பார்த்ததைச் சொன்னேன்: உச்சி வெயிலில் அத்தை குடத்தோடு உள்ளே போகிறாள், வெகுநேரம் கழித்துத்தான் வருகிறாள்.

சாயங்காலம் அப்பா தோல் கம்பெனியிலிருந்து வந்ததும் அம்மா கேட்டுவிட்டாள். அத்தைக்கு முதலில் புரியவே இல்லை.

"வச்ச தண்ணி கொதிக்குது அண்ணி. வேற ஊத்திட்டு, கொஞ்சம் விசிறிகினு இருந்தேன். செத்துடும்போல கெடக்குதுங்க."

"கோழிக்கு யாராச்சும் விசிறுவாங்களா? இன்னா கதை இது?"

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதிலேயே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு பாப்பா. நான் முட்டை எடுத்ததைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. ஆனால் அவள் உள்ளே போனது நிஜம். எதைச் சொல்வதென்று தெரியாமல் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் அத்தை பேரணாம்பட்டு பஸ் ஏறினாள், பீடி சுற்றும் தோழி ஒருத்தி வீட்டுக்கு. அன்று மத்தியானமே இரண்டு கோழிகள் செத்து விழுந்தன. "சாபம் வுட்டுட்டுப் போயிருக்கா" என்றாள் அம்மா. எனக்குப் பயமாக இருந்தது, அழுகையும் வந்தது. யாருக்காக அழுகிறேன் என்று மட்டும் விளங்கவில்லை.

நான்கு நாள் கழித்து நல்ல மழை பிடித்தது. கோழிகள் வாயை மூடிக்கொண்டு தீவனத்தைக் கொத்தின. ஒரு மாதத்துக்குள் முட்டை பழையபடி முப்பதைத் தொட்டது.

"பாத்தியா, அவ போனா, முட்டை வந்துச்சி" என்றாள் அம்மா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. அத்தை போன அதே வாரத்தில்தான் வெயிலும் போயிருந்தது. எது போனதால் முட்டை வந்தது என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.