கேசரிக்கு முன்னால் ஒரு கிரகம்

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கேசரி கொடுப்பதற்கு முன்னால் நான் வானியல் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே கொடுப்பதுதான் என் குணம்.

பையனுக்குக் காட்டூர். நெல் விளைவிக்கிற குடும்பம். நாங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரை. மீன்காரர்களுக்கு ஐஸ் விற்கிறேன். அவனும் என் மகளும் அனுப்பம்பட்டில் ஒரே ரயில் ஏறி வேலைக்குப் போகிறவர்கள். மீதியை ரயில் பார்த்துக்கொண்டது. இனி அவன் அம்மா சம்மதித்தால்தான் கல்யாணம். அந்த அம்மா காரிலிருந்து இறங்கும்போதே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் இறங்கினார். தெரு முழுக்க நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்ததும், "இன்னாங்க, எப்பவும் இப்டித்தான் நாறுமா?" என்றார்.

"மழைக்காலத்துல கொறையும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எனக்கோ முந்தின வாரம் பார்த்த யூடியூப் வீடியோ தொண்டை வரை வந்து நின்றது.

"இத லேசா நெனைக்காதீங்கம்மா. நூறு ஒளியாண்டுக்கு அந்தாண்ட ஒரு கிரகத்துல இந்தக் கடல் வாசனை இருக்குதான்னு விஞ்ஞானிங்க தேடின்னு இருக்காங்க."

பையனின் அப்பா நல்ல மனிதர். "அவ்ளோ தூரத்து நாத்தம் எப்டிங்க தெரியும்?" என்று கேட்டுத் தொலைத்தார்.

போதாதா? மூலையில் என் மச்சான் போட்டுவைத்திருந்த வலையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். "செவுத்துல நிழல பாருங்க. கண்ணி பெருசா இருந்தா நண்டு வலை, சின்னதா இருந்தா எறா வலை. வலையத் தொடாமலே சொல்லிடலாம். அந்தக் கிரகம் அதோட நட்சத்திரத்துக்குக் குறுக்க போறப்போ, வெளிச்சம் கிரகத்தோட காத்துக்குள்ள பூந்து வருது. ஒவ்வொரு வாயுவும் அதுக்குனு சில நிறத்த முழுங்கிடும். எது கொறையுதுனு பாத்து, இன்ன வாயுனு கண்டுபுடிக்கிறாங்க."

பூமியில் கடல் வாசனை தரும் அந்த வாயுவைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகள். அதனால் அங்கேயும் உயிர் இருக்கலாம் என்கிறது விஞ்ஞானிகளில் ஒரு கூட்டம். அதையும் சொல்லிவைத்தேன். மற்றபடி, அது கடற்காற்றின் வாசனைதானே தவிர நெத்திலிக் கருவாட்டின் வாசனை அல்ல. அந்தச் சின்ன வித்தியாசத்தை நான் முழுங்கிவிட்டேன்.

"அப்ப அங்க உயிர் இருக்குதா?" என்றார் அம்மா.

"இன்னொரு கூட்டம் அதே வெளிச்சத்தப் பாத்துட்டு, ஆதாரம் பத்தாதுன்னுது."

"முடிவே ஆகாத விஷயத்துக்கா வலையெல்லாம் தூக்கினீங்க? அவங்க தூரத்துல இருந்து பாக்கறாங்க. என் புள்ள இங்க வந்து உக்காந்து சாப்புடணுமே. இந்த நாத்தத்துல அவனுக்குச் சோறு எறங்குமா?"

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. கல்யாணம் கைநழுவுவது வலையும் கையுமாக நின்ற எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் கேசரித் தட்டோடு மகள் வந்தாள். "எறங்கும் அத்தை. ஞாயித்துக்கெழமைல அவரு இங்கதான் சாப்புடறாரு. போன வாரம் எறா தொக்கு மூணு தபா கேட்டு வாங்கினாரு."

எதைச் சொல்லவே கூடாது என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்திருந்தோமோ, அதைத்தான் சொன்னாள்.

"டேய், ஓவர்டைம்னு சொன்ன?"

பையன் தரையைப் பார்த்தான். அப்பா சிரித்துவிட்டார். அந்த அம்மா முந்தானையை இறக்கினார். மகனை முறைக்க முழு முகமும் தேவைப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்து என் மனைவியிடம் திரும்பி, "அந்தத் தொக்கு இருந்தா எடுத்தாங்க, அப்டி இன்னாதான் இருக்குதுனு பாக்கறேன்" என்றார்.

பார்த்தார். இரண்டாம் தரமும் பார்த்தார். கிளம்பும்போது தேதி குறிக்கச் சொன்னார்.

கார் கதவைச் சாத்தப் போன என்னை நிறுத்தி, "ஒண்ணு சொல்லிடறேன் சம்பந்தி. கல்யாணத்துல நீங்க மைக் பக்கமே வரக் கூடாது" என்றார்.