கணீர் என்று ஒலித்த சைக்கிள்

அறுபதுகளின் ஆரம்பம். கோலார் தங்க வயலில், சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் வேலையைத் தொடங்கும் முன் இரும்புக் கம்பியால் பாறையைத் தட்டிப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. கணீர் என்று கேட்டால் பாறை கெட்டி. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். அங்கே ஒருவரையும் நிற்க விடமாட்டேன். என் காதை நம்பித்தான் சுரங்கத்தின் அந்த அடுக்கில் அத்தனை பேரும் வேலை செய்தார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அப்போது தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பங்களாவிலிருந்த சாமான்களை ஏலம் விட்டார். மேஜைக்கும் பீரோவுக்கும் மற்றவர்கள் அடித்துக்கொள்ள, நான் அலுமினிய சைக்கிள் ஒன்றை எடுத்தேன். அதை ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நாலு வயது மகள் உட்கார முன் பாரில் ஒரு குட்டி சீட்டும் பொருத்தினேன்.

ஒரு நாள் சைக்கிள் ஸ்டாண்டில் வரிசையாக நின்ற சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்துவிட்டன. யாருடைய பெடலோ இடித்து, ஹேண்டில் பாருக்குக் கீழே சாய்வாக இறங்கும் பைப்பில் புளியங்கொட்டை அளவுக்கு நசுங்கல். அதன் ஓரத்தில் தலைமுடி போல ஒரு கோடு. ஸ்பேனரை எடுத்து, பாறையைத் தட்டுவது போலவே அங்கங்கே தட்டிக் காது கொடுத்தேன். கணீர் என்றது. வெறும் கீறல்தான் என்று கூடியிருந்தவர்களிடம் தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

என் மனைவிக்கு மட்டும் அந்தக் கோடு பிடிக்கவில்லை. "இன்னாங்க, நேத்துதான் தொடச்சேன். திரும்பவும் கருப்பாப் பொடி வந்துகீது" என்றாள்.

"அது வெறும் அழுக்கு மே."

"அழுக்குன்னா பைப்பு முழுக்க இருக்கணும். கோட்டுல மட்டும் இன்னாத்துக்கு வருது? நம்ம அலுமினியக் குண்டானும் இப்படித்தான் கோடு வுட்டுச்சு. ஒரு நாளு கொதிக்கிற ஒலையோட பொளந்துக்கிச்சு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "குண்டானும் சீமை சைக்கிளும் ஒண்ணா மே? பாறைக்குள்ள இன்னா கீதுன்னு சொல்றவனுக்கே நீ சொல்றியா?"

அவள் துணியை எடுத்து அந்தக் கோட்டை மறுபடி துடைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூதிகோட்டையில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டில் காதுகுத்து. மூன்று பேரும் சைக்கிளிலேயே போவதாக ஏற்பாடு. மகள் புதுப் பாவாடையுடன் குட்டி சீட்டில் ஏறி மணியை அடித்துக்கொண்டிருந்தாள். மனைவி வந்தாள். முந்தானை நுனியால் அந்தக் கோட்டைத் துடைத்துப் பார்த்தாள். நுனியில் கருப்பு. சட்டென்று குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நாங்க பஸ்ல வர்றோம். நீங்களும் இத்த வுட்டுட்டு வாங்க."

மகள் அழுதாள். தெருவே பார்த்தது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. "உங்கண்ணன் கார் அனுப்புவான், ஏறிக்கினு வா" என்று எரிந்து விழுந்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து அவள் முகத்தில் கரி பூசவேண்டும் என்ற வெறியில் மிதித்தேன்.

பாதி வழிக்கு மேல் ஓர் இறக்கம். பள்ளமில்லை, கல்லில்லை. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹேண்டில் பார் என் கையோடு முன்னால் போக, மிச்ச சைக்கிள் எனக்கடியில் மடங்கியது. தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டே போய் விழுந்தேன். தாடை கிழிந்து ரத்தம் கொட்டியது. வலது தோளைத் தூக்க முடியவில்லை.

எழுந்து உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். குட்டி சீட்டு தகடாக நசுங்கி, உடைந்த பைப்பின் கூரான முனை அதன் நடுவில் குத்திக்கொண்டு நின்றது. மகள் உட்காரும் இடம். எனக்குத் தோள் வலி மறந்துபோனது.

சிறிது நேரத்தில் பின்னால் வந்த பஸ் என்னைப் பார்த்து நின்றது. மனைவி இறங்கி ஓடி வந்தாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சீட்டைப் பார்த்தாள். குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

உடைந்த பைப்பை டிரைவர் எடுத்துக் காட்டினார். உடைந்த வாயில் ஒரு பாதி பளபளவென்று புதிதாக இருந்தது. மறு பாதி, அவள் துடைத்த அதே பொடி அப்பி, கன்னங்கரேலென்று இருந்தது. அந்தப் பாதி அன்று விரிசல் விட்டதில்லை, எப்போதோ விட்டது. நான் தட்டிக் கேட்டுச் சிரித்தபோதே விரிசல் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கணீர் இன்றும் என் காதில் இருக்கிறது.

தோள் ஆறி வேலைக்குத் திரும்பிய பிறகு, பாறை கணீர் என்றாலும் விளக்கைக் கிட்டே பிடித்து ஒரு முறை கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை விட்டேன். இப்போது வேலையும் இல்லை, சைக்கிளும் இல்லை. ஆனால் மனைவி எதையாவது பார்த்து "இது சரியில்லீங்க" என்று சொன்னால், நசுங்கிய அந்தக் குட்டி சீட்டு கண்முன் வந்து நிற்கிறது. சிரிக்கத் திறந்த வாயை மூடிக்கொண்டு, அவள் காட்டும் இடத்தை நான் குனிந்து பார்க்கிறேன்.