பச்சைக் கூலன்ட்

உறைபனிக் காலம் வந்துவிட்டால், தினமும் சாயங்காலம் என் கணவர் அந்தப் பழைய அம்பாசிடரின் ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் திறந்துவிடுவார். இல்லாவிட்டால் இரவில் தண்ணீர் உறைந்து என்ஜினே விரிசல் விட்டுவிடும். துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, அவரே கழற்றி மாட்டி ஓடவைத்த கார். தண்ணீருக்குப் பதிலாக, பனியில் உறையாத கூலன்ட் ஊற்றினால் பழைய ரேடியேட்டரை அரித்துவிடும் என்பது அவர் பிடிவாதம்.

போன மார்கழியில் அவருக்கு நெஞ்சு வலித்தது. காந்தலில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

"இரு, தண்ணியத் தொறந்து உட்டுட்டு வந்தர்றேன்" என்று ஷெட்டுக்குப் போனார். வாளி நிறையும் சத்தத்தை டாக்ஸியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமுங்க" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

இந்த வருடம் காரை எடுக்கலாம் என்று பேட்டரி மாற்றிவிட்டு, கூலன்ட் வாங்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். பச்சையும் சிவப்புமாக அடுக்கியிருந்தார்கள்.

"ஏனுங்க, பழைய வண்டிங்களா? அப்பப் பச்சைய ஊத்துங்க, ரேடியேட்டர அரிக்காது. பனிக்குத் தண்ணி எறக்குற வேலையும் இல்லீங்க" என்றார் கடைக்காரர்.

"இது புதுசா வந்ததுங்களா?"

"இல்லீங்க, கடை தொறந்த நாள்ல இருந்தே வச்சிருக்கறேன்."

வாங்கி வந்து ஊற்றினேன். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை.

மறுநாள் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி. சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கார் கிளம்பிவிட்டது.

கிளம்பாமல் போயிருக்கலாம். கூலன்ட் ஆகாது என்று அவர் சொன்னதுதான் சரி என்றாவது ஆகியிருக்கும்.