மூங்கிலாறு என்று தட்டியபோது

ஹட்டனில் இன்டர்நெட் கடைகள் வந்த புதிது. பல்கலைக்கழகக்காரர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த உயிரினக் கணக்கெடுப்பு இணையத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, என் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தேடிப் போனேன். தோட்டத்தின் இங்கிலீஷ் பெயரான ‘பெர்ன்புரூக்’ என்று மூன்று தரம் தட்டினேன். ஒன்றுமே வரவில்லை.

“நாம கூப்பிடுற பேரப் போட்டுப் பாருங்க டீச்சர்,” என்றார் கடைக்கார அக்கா. அவரும் எங்கள் தோட்டம்தான்.

எனக்கு எரிச்சல் வந்தது. மூங்கிலாறு என்றால் லயத்து வரிசைவீட்டில் வளர்ந்த தொழிலாளி பிள்ளை என்று தெரிந்துவிடுமே என்று, பயிற்சிக் கல்லூரியில்கூட அந்தப் பேரை நான் சொன்னதில்லை.

“அதெல்லாம் இதுல இருக்காதுங்க,” என்றபடியே தட்டினேன்.

பட்டியல் மெல்ல மெல்ல இறங்கியது. பறவைகள், ஓணான்கள், தவளைகள். ஒரு தவளைக்கு நேரே, இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது என்றிருந்தது. கண்ட இடம்: மூங்கிலாறு, லயத்துப் பீலி. தினமும் நான் வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்கும் இடம்! இடத்தின் பெயரைச் சொன்னவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள் என்றும் எழுதியிருந்தார்கள்.

“இருக்குதுங்களா டீச்சர்?”

திரையை அவர் பக்கம் திருப்பி அந்த வரியைக் காட்டினேன்.

பட்டியலைப் பிளாப்பியில் இறக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். உலகத்தின் எந்த மூலையிலிருந்து தேடினாலும் எங்கள் தோட்டம் அந்தப் பேரில்தான் வரும். அதை மறைத்துக்கொண்டு திரிந்தவள் நான் ஒருத்திதான்.