மருந்து டின்னுக்கு வைத்த பொட்டு

துவக்கு வைத்திருப்பவனுக்குக் காட்டுப் பன்றியோடுதான் சண்டை என்று ஊரில் நினைக்கிறார்கள். எனக்குச் சண்டையெல்லாம் ஈரத்தோடு. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயம் ஹட்டனுக்கு மேலே, வருஷத்தில் பாதி நாள் மூட்டத்துக்குள் கிடக்கிற இடத்தில் இருக்கிறது. இன்றைக்குத் துடைத்து எண்ணெய் பூசி வைத்த துப்பாக்கிக் குழாய் நாளைக்கே செம்மண் நிறத்தில் துருவைக் காட்டும். மறுபடி துடைக்க வேண்டும். மறுபடி பூச வேண்டும். வருஷக்கணக்காக இதே வேலை. சொல்லப்போனால் சுட்டதை விடத் துடைத்ததுதான் அதிகம்.

தேயிலை ஃபெக்டரி வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டேன். கிழங்கு வாசம் பிடித்துப் பன்றி இறங்கியது. அலைந்து திரிந்து அனுமதி வாங்கி ஒரு பழைய துவக்கைக் கொண்டு வந்தேன். கடையில் வாங்கின தோட்டாவைச் செருகிவிட்டுப் போகிற வகை இல்லை. குழாயின் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டு நாமே இடித்து நிரப்புகிற வகை. அதனால் வீட்டில் மருந்தும் இருந்தாக வேண்டும். சட்டம் விட்ட அளவு கொஞ்சம்தான். ஒற்றை அறைக் காம்பிராவில் குடும்பம் நடத்துகிறவனுக்கு அந்தக் கொஞ்சமே பெரும் பாரம்.

மருந்துக்கு ஈரமும் ஆகாது, நெருப்பும் ஆகாது. எங்கள் காம்பிராவில் ஈரம் ஏறாத ஒரே இடம் அடுப்புக்கு மேலே இருக்கிற பரண். விறகு, கருவாடு, பிள்ளைகள் காலில் போடுகிற சப்பாத்து எல்லாம் அங்கேதான் காயும். அங்கே மருந்தை வைத்தால் லயம் முழுக்க ஒன்றாக மேலே போக வேண்டியதுதான். கட்டிலுக்கு அடியில் வைத்தேன், கட்டிபட்டுப் போனது. துணி அலுமாரியில் வைத்தேன், சேலையெல்லாம் நாறுகிறது என்று மனைவி தூக்கி வெளியே வைத்தாள். கடைசியில் அடுப்புக்கு எட்டாத மூலையில் ஒரு மரப்பெட்டி செய்து, டின்னை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டேன். வெயில் அடித்த நாளில் பெட்டியைத் திறந்து பார்ப்பது ஒரு தனி வேலையானது.

ஒரு தடவை வெடித்தாலும் குழாயைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, துணி சுற்றின கம்பியை விட்டு இழுத்து, கரி வராதவரை துடைத்து, காய வைத்து எண்ணெய் போட வேண்டும். தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெய்தான் துருவுக்கு நல்லது.

"மெஷின் இல்லாத வீட்டுல மெஷின் எண்ணெய் வாங்குற ஒரே ஆளு நீங்கதான்" என்பாள் மனைவி. அவளுடைய பழைய பாவாடையெல்லாம் துவக்குக்குத்தான் போனது. அதனால் அந்தக் கேலிக்கு அவளுக்கு உரிமை இருந்தது.

போன ஆயுத பூஜைக்கு மகள் வந்திருந்தாள். ஏழாம் மாதம். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் என்று பேச்சு. டிக்கோயா ஆஸ்பத்திரி எங்களுக்குக் கிட்ட. அவளைக் கட்டிக்கொடுத்திருப்பது நல்லதண்ணி என்கிற ஊரில். மருமகன் குடும்பத்துக்கு அங்கே கடை. பிள்ளை பிறக்கிற நேரம் மலைக்கு யாத்திரை போகிற சனம் வந்து குவியும். சம்பந்தியம்மா கடையை விட்டு அசைய முடியாது. அங்கே இருந்தால் மகளுக்கு ஒரு வாய் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

பூஜையன்று குளிக்கப் போகும்போது சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் பாயில் எல்லாம் வரிசையாக இருந்தன. கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, மருமகனின் போன், என் துவக்கு. துவக்குக்குப் பக்கத்தில் மருந்து டின். சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, மேலே ஒரு செவ்வந்திப்பூ. மகள் கற்பூரத் தட்டை ஏற்றி, சரியாக அந்த டின்னுக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தாள்.

காலையில்தான் டின்னைத் திறந்து பார்த்திருந்தேன். மூடியை இறுக்கினேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கத்தினால் அவள் பதறித் தட்டை விட்டுவிடுவாள். கையைத் தட்டினாலும் அதே கதை. ஓசைப்படாமல் பக்கத்தில் போய், குனிந்து, வாயால் ஊதி அணைத்தேன்.

 மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா, புள்ளத்தாச்சி கையில இருந்த கற்பூரத்த வாயால ஊதி அணைச்சிட்டீங்களே!"

"அது மருந்து டின்னு!"

"தெரியுங்க. துவக்குக்குப் பொட்டு வச்சிட்டு அதுக்கு வைக்காம விடுறதா? அதுந்தானே நம்ம கிழங்கக் காப்பாத்துது?"

 அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மறுநாள் காலையிலேயே மகளை மருமகனோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாள். அபசகுனம் நடந்த வீட்டில் பிரசவம் ஆகாது, அங்கேயே நடக்கட்டும் என்று ஒரே பிடி. மகள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் பஸ்ஸின் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

மருந்து வீட்டில் இருப்பதால்தான் இந்த வினை என்று நினைத்தேன். இனி துடைக்கவும் பூட்டவும் காவல் காக்கவும் எனக்கும் தெம்பில்லை. பொலிசுக்குப் போய்த் துவக்கை ஒப்படைத்தேன். மருந்தையும் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். சிங்களத்தில் கேட்டதற்கு, அங்கிருந்த சார்ஜன்ட் கையெடுத்துக் கும்பிட்டுத் தமிழிலேயே சொன்னார்.

"ஐயோ, வேணாம் ஐயா. எங்களுக்கும் புள்ளைங்க இருக்கு."

வீட்டுக்கு வந்து கொட்டுகிற மழையில் மருந்தை வாளித் தண்ணீரில் போட்டேன். இத்தனை வருஷம் ஒரு சொட்டு ஈரம் படாமல் பிள்ளை மாதிரிப் பார்த்த சாமான். கறுப்புத் தண்ணீராகிப் போனதைப் பார்த்தபோது மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை, அலுப்புத்தான் மிஞ்சியது.

உள்ளே வந்து மனைவியிடம் சொன்னேன். "மருந்தக் கரைச்சிட்டேன். துவக்கும் போயிருச்சு. புள்ளைய வரச்சொல்லு."

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "மருந்தக் கரைச்சிட்டீங்க. அணைஞ்ச கற்பூரத்த என்னா பண்ணுவீங்க?"

 அதற்குப் பிறகு மகள் போன் எடுக்கும்போதெல்லாம் கால் வீங்கியிருக்கிறது என்றாள். மனைவி சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அங்கயே இரும்மா" என்றாள். அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? பயம். இந்த வீட்டுக்கு ஏதோ ஒன்று வரப்போகிறது, அது மகள் வயிற்றில் விடியக்கூடாது என்ற பயம்.

அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு காலையில் தோட்டத்துக்குப் போனேன். தோட்டம் என்று ஒன்று இல்லை. பாத்தியெல்லாம் உழுது போட்டது மாதிரிக் கிடந்தது. கடித்துத் துப்பின கிழங்கு, மிதிபட்ட லீக்ஸ், சேற்றில் குளம்புத் தடம். துவக்குச் சத்தம் நின்றது பன்றிக்குத் தெரியாமல் இருக்குமா? மாசக்கணக்கான உழைப்பு. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி பின்னாலேயே வந்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பாத்தி பாத்தியாக நடந்து கடைசி வரை பார்த்தாள். ஒரு கிழங்கு மிச்சமில்லை. திரும்பி வந்தபோது எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.

"வர இருந்தது வந்திருச்சுங்க" என்றாள். "கிழங்கோட போச்சு. எம்புள்ளைக்கு இனி ஒண்ணுமில்ல. போன் போடுங்க, வரச்சொல்லுவோம்."

பன்றி தின்ற தோட்டத்தில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுத விவசாயி இந்த மலையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சேற்றுக் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுப் போன் எடுத்தேன். மகள் "அப்பா" என்றாள். மனைவி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கெளம்பி வாடி. ஒங்கப்பாவுக்கு இனி ஒன்னப் பாக்குறதத் தவிர வேற வேல இல்ல."