பூட்டிய வீட்டுக்கு நான் கட்டிய வரி

அந்த வருடம் ஆந்திரா நம்பர் போட்ட கார் எதைக் கண்டாலும் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். எளாவூர் செக்போஸ்ட் தாண்டிப் பழவேற்காட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இறால் வாங்க வருகிறவர்கள்தான். அது தெரிந்தும் பயப்படுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

காரணம், கடைத்தெருவில் இருந்த ஒரு பூட்டிய வீடு. சொந்தக்காரர் நெல்லூர்ப் பக்கம் போய்ப் பல வருடமாகிவிட்டது; அவரோ வாரிசோ எட்டிப் பார்த்ததில்லை. கொல்லையில் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தது. வீட்டு வரி பாக்கி என்று கதவில் பஞ்சாயத்து நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பாக்கி தீராவிட்டால் பஞ்சாயத்தே வீட்டை எடுத்து எங்கள் மகளிர் குழுவுக்கு வாடகைக்கு விடும் என்று ஆபீஸ் கிளார்க் அம்மா சொல்லியிருந்தார்.

நாங்கள் எட்டுப் பெண்கள். படகில் வரும் இறாலையும் நண்டையும் வாங்கி, துறையிலேயே வெயிலில் குந்தி ரகம் பிரித்து விற்கிறவர்கள். நிழல் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. ஒதுங்க வேண்டிவருமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டோம். என் பக்கத்தில் உட்காருகிற அக்கா நீர்க்கடுப்பு முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தாள். அந்த வீட்டில் கக்கூஸ் இருந்தது. மாளிகையே கொடுத்தாலும் எனக்கு அதுதான் கணக்கு.

ஆசை யாரை விட்டது? உத்தரவு வருமுன்பே கொல்லையை வெட்டிச் சுத்தம் செய்தோம். வினையும் அங்கேதான் வந்தது. இத்தனை வருடம் யாரும் திரும்பிப் பார்க்காத வீடு இப்போது எல்லார் கண்ணிலும் பட்டது. போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று நோட்டீஸைப் படித்தான். இவன் நெல்லூருக்குப் போன் போட்டுவிடுவானோ, வாரிசு வந்து பாக்கியைக் கட்டிவிடுவானோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊரில் ஏரியில் வலை போட முறை உண்டு. பாடு என்போம். முறைக்காரன் வராமல் போனால், அவன் ஊர்ப்பொதுவுக்குத் தர வேண்டியதைத் தந்தவன் அன்றைக்கு அந்த இடத்தில் வலை இறக்கலாம். அந்த நியாயத்தில் வளர்ந்த புத்தி எனக்கு. வாரிசுக்கு முன்னால் நாமே வரியைக் கட்டிவிட்டால் வீடு நமக்கு என்று நினைத்தேன். மற்ற ஏழு பேரிடம் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வெளியே போய்விடுமோ என்று அதற்கும் பயம். கம்மலை அடகு வைத்துக் கட்டினேன். கிளார்க் அம்மா அன்று லீவு. வேறொருவர் எதுவும் கேட்காமல் ரசீதைக் கொடுத்தார்.

மறுநாள் பெருமையாகப் போய் ரசீதைக் கிளார்க் அம்மாவிடம் நீட்டினேன். பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னாம்மா இப்டி பண்ட்டே? ரசீது யார் பேர்ல இருக்குனு பாரு.”

சொந்தக்காரர் பேரில் இருந்தது.

“பாக்கி தீந்துபோச்சு. இனிமே பஞ்சாயத்து அந்த வூட்டத் தொட முடியாது. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கினியேம்மா!”

“நான் கட்டவே இல்லேனு எய்திடுங்கம்மா. காசு கூட வாணாம்.”

“கம்ப்யூட்டர்ல ஏறிப்போச்சு.”

துறைக்கு நடந்து வந்தேன். வாரிசு வருவான், வருவான் என்று செத்தேனே, அவன் வரவேயில்லை. அவன் வேலையை நானே செய்து கொடுத்துவிட்டேன். இந்த ஏழு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயத்தில், ஆந்திரா கார் பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

என்னைக் கண்டதும் அக்கா நகர்ந்து இடம் விட்டாள். அவள் மடியில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில், பாதி காலி.

“டாக்டரு நெறைய குடிக்கச் சொன்னாரு. அதான் வூடு வருதேனு இன்னைலேர்ந்து ஆரம்பிச்சுட்டேன். எப்பத் தொறக்கறாங்களாம்டீ?”

கேட்டுக்கொண்டே மறுபடி பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“குடிக்காதேக்கா” என்றேன்.