காருக்கு ஒரு திருநீற்றுப் பை

சௌந்தரம் அண்ணி போய்விட்டாள் என்ற செய்தியை, ஆம்பூரிலிருந்து வந்த பஸ் கண்டக்டர் குடியாத்தத்தில் என் வீட்டு வாசலில் நின்று சொன்னார். காய்ச்சல் முற்றியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதமாகிவிட்டதாம். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லோரையும் நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள். அவளையே கொண்டுபோக வேண்டுமென்றால் வண்டியை யார் ஓட்டுவது?

ஆம்பூர்க்காரர்களே, உங்களில் பலர் எங்கள் வீட்டுப் பழைய காரில் ஏறியிருப்பீர்கள். தோல் பதனிடும் ஷாப் முதலாளி புது வண்டி வாங்கியபோது, அங்கே வேலை பார்த்த அண்ணன் தலையில் கட்டியது அது. அண்ணனுக்கோ ஸ்டியரிங்கைப் பிடித்தாலே வேர்க்கும். அண்ணிதான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, டயரைத் தட்டிப் பார்த்து, கைப்பிடியைச் சுற்றிக் கிளப்புவாள். பெண்பிள்ளை கார் ஓட்டுகிறாளே என்று சிரிப்பவர்களைப் பார்த்து, "ஏறிக்கிறீங்களா?" என்று கேட்பாள். பெரும்பாலும் ஏறிக்கொண்டார்கள்.

அந்தக் காரின் கிளட்சில் ஒரு தோல் பட்டை உண்டு. அது இறுகப் பிடித்தால்தான் சக்கரம் சுற்றும். அது தேய்ந்தபோது, தோலைத் தரம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அண்ணன் சும்மா இருப்பாரா? ஷாப்பிலேயே மிருதுவான தோலாகப் பொறுக்கி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து மாட்டினார். "இது செருப்பு இல்லீங்க, வழவழன்னு இருந்தா வழுக்கும்" என்றாள் அண்ணி. தோலைப் பற்றித் தனக்கே பாடமா என்று அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த எனக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே வேலூருக்குப் போங்கள் என்றாள் மருத்துவச்சி. அண்ணன் ஷாப்பில் இருந்தார். அம்மா மடியில் என்னைப் படுக்கவைத்து, அண்ணி வண்டியைக் கிளப்பினாள். பள்ளிகொண்டா தாண்டி ஒரு மேட்டில் எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை.

அண்ணி காலடிப் பலகையைக் கழற்றித் தோலைத் தொட்டுப் பார்த்தாள். விரலெல்லாம் எண்ணெய். அதை உறிஞ்ச நயமான சாம்பல் வேண்டும். அம்மாவின் இடுப்பில் இருந்த திருநீற்றுப் பையைக் கேட்டாள். ஷாப்பிலிருந்து வரும் அண்ணனைக் குளிக்காமல் வீட்டுக்குள் விடாதவள் எங்கள் அம்மா.

"இன்னாடி கேக்கற? மாட்டுத் தோலு மேலயா?"

"திருநீறு வேற வாங்கிக்கலாம் அத்த. புள்ள வேற வாங்க முடியாது."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பையை அவிழ்த்துக் கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல், அண்ணி சொன்னபடி முன்னால் ஏறி, கிளட்சை இரண்டு காலாலும் மிதித்துப் பிடித்தாள். மிதித்ததும் தோல் விலகிய இடுக்கில் அண்ணி திருநீற்றைத் தூவினாள். வண்டி மேடேறியது. ஆஸ்பத்திரியில் என் மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

அண்ணன் சொரசொரப்பான எருமைத் தோலாகப் பார்த்து மாற்றினார். அம்மா மட்டும் அன்றிலிருந்து இரண்டு பை வைத்துக்கொண்டாள், ஒன்று சாமிக்கு, ஒன்று காருக்கு. கார்ப் பை ஸ்டியரிங் பக்கத்திலேயே தொங்கியது. உங்க அம்மாவுக்கு இப்போ ரெண்டு சாமி என்று அண்ணி என்னிடம் கேலி செய்வாள்.

நான் ஆம்பூர் போய்ச் சேர்ந்தபோது அண்ணியைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். அம்மா சாமிப் பையைத் தொடவில்லை. கார்ப் பையை எடுத்துவரச் சொல்லி, அதிலிருந்துதான் மருமகளின் நெற்றியில் பூசினாள். மிச்சத்தைப் பையோடு என்னிடம் கொடுத்தாள்.

அது இப்போது என் வீட்டில் இருக்கிறது. என் மகளின் கால் கிளட்சுக்கு எட்டட்டும், அந்தக் காரிலேயே மறுபடி மாட்டி, ஓட்டு என்று அவளிடம் கொடுத்துவிடுவேன்.